வெள்ளைச் சதை வகையின் பூவில் சிவப்பு வகை மகரந்தம் தடவியும் பழம் வெள்ளையாகவே வந்தது: கலப்பு நடக்கவில்லையா?

மாடிவீட்டுத் தோட்டம், மதுரை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மொட்டை மாடியில், பாதியாக அறுத்த நீலப் பீப்பாய்களில் டிராகன் பழக் கொடிகளை வளர்த்து வருகிறேன். ஒன்று சிவப்புத் தோலும் வெள்ளைச் சதையும் கொண்ட வழக்கமான வகை. மற்றொன்று சதையும் அடர் சிவப்பாக இருக்கும் வகை. இரண்டும் நன்றாகத் தழைத்து, ஜூன் தொடங்கி ஐப்பசி மழை பிடிக்கும் வரை விட்டுவிட்டுப் பூக்கின்றன. வெள்ளை வகை நான் எதுவும் செய்யாமலே காய் பிடிக்கிறது. சிவப்பு வகையோ அவ்வளவு பெரிய பூவைப் பூத்துவிட்டு, நான்கைந்து நாட்களில் அடிப்பகுதி மஞ்சளாகிக் கொட்டிவிடுகிறது.

இவ்விரண்டையும் கலந்து இளஞ்சிவப்புச் சதையுள்ள ஒரு வகையை வீட்டிலேயே உருவாக்கிப் பார்க்கலாம் என்ற ஆசையில், சிவப்பு வகையின் மகரந்தத்தை எடுத்து வெள்ளை வகையின் பூவில் இரவு நேரத்தில் தூரிகையால் தடவினேன். காய் பிடித்ததுடன் வழக்கத்தைவிடப் பெரிதாகவும் வந்தது. ஆனால் அறுத்துப் பார்த்தால் உள்ளே அதே வெள்ளைச் சதைதான். அப்படியானால் கலப்பு நடக்கவில்லை என்று கொள்ள வேண்டுமா? நாற்றுப் பண்ணையிலிருந்து மஞ்சள் வகைக் கன்று ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். அதையும் சிவப்பு வகையோடு சேர்க்க முடியுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கொடிக்கால், உடுமலைப்பேட்டை

வணக்கம் சகோதரி. கலப்பு நடந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆனால் அதைச் சதையில் தேடினால் கிடைக்காது. டிராகன் பழத்தில் நாம் உண்ணும் பகுதி முழுவதும் தாய்க்கொடிக்குச் சொந்தமானது. சூல்பையின் உட்சுவரும், ஒவ்வொரு சூலையும் தாங்கியிருக்கும் மெல்லிய காம்புகளும் சாறு பிடித்துப் பெருத்துத்தான் சதையாகின்றன என்பதால், எந்த வகையின் மகரந்தம் விழுந்தாலும் சதை தாயின் நிறத்திலேயே இருக்கும். தந்தையின் பங்கு அந்தக் கறுப்பு விதைகளுக்குள் மட்டுமே சேர்கிறது. பங்கனப்பள்ளிப் பூவில் பக்கத்துத் தோட்டத்து மல்கோவாவின் மகரந்தம் விழுந்தாலும் அந்த ஆண்டுப் பழம் பங்கனப்பள்ளியாகவே இருக்கிறது, அதன் கொட்டையை நட்டால்தான் வேறொரு மரம் வருகிறது அல்லவா? இங்கும் அதே கதைதான். மக்காச்சோளத்தில் அதே கதிரிலேயே மணிகளின் நிறம் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நாம் பார்ப்பது விதையையே என்பதால்தான் உடனே தெரிந்துவிடுகிறது.

எனவே நீங்கள் தேடும் இளஞ்சிவப்பு, அந்த விதைகளை முளைக்கவைத்து வளர்க்கும் கொடியின் பழத்தில்தான் தெரியவரும். ஆனால் இப்போது கையிலுள்ள பழத்தின் விதைகளை நம்பி நட வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் வெள்ளை வகை தன் மகரந்தத்தையே ஏற்றுக் காய்ப்பது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தூரிகையைக் கொண்டு போகும் முன்போ, மறுநாள் காலையில் தேனீ வந்து புரட்டும்போதோ, அதன் சொந்த மகரந்தமும், மகரந்தத்தை ஏற்கும் உறுப்பான சூல்முடியில் சேர்ந்திருக்கும். அந்தப் பழத்தில் எந்த விதை கலப்பு, எந்த விதை தாயின் மறுபிறப்பு என்பதைக் கண்ணால் பிரிக்க இயலாது.

இதற்கு எளிய தீர்வு, தாயையும் தந்தையையும் இடம் மாற்றுவது. சிவப்பு வகையின் பூக்கள் கொட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் தன்மலட்டுத்தன்மையே: சிவப்புச் சதை வகைகளில் பல தம் சொந்த மகரந்தத்தை இனங்கண்டு, அதன் குழாய் சூல்பை வரை வளரவிடாமல் தடுத்துவிடுகின்றன. ஒரே கொடியிலிருந்து வெட்டி நட்ட தண்டுகள் எத்தனை தொட்டிகளில் இருந்தாலும், கருவுறுதலைப் பொறுத்தவரை அவை ஒரே செடிதான். இந்தச் சிவப்புப் பூவில் வெள்ளை வகையின் மகரந்தத்தைத் தடவினால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்: கொட்டிக்கொண்டிருந்த பூ காயாக நிற்கும்; அதிலுள்ள விதைகள் கலப்பு விதைகளாகவே இருக்கும். சிவப்பு வகைகள் அனைத்துமே தன்மலடு அல்ல என்பதால், முதலில் ஒரு பூவுக்கு அதன் சொந்த மகரந்தத்தையே தாராளமாகத் தடவி, உறையிட்டுக் கட்டிப் பாருங்கள். அதுவும் கொட்டினால் சந்தேகம் தீர்ந்தது.

இரவுப்பூ, தஞ்சாவூர்

கொடிக்கால் ஐயா சொன்னதில் ஒரு சிறு திருத்தம். மகரந்தத்தால் சதையின் நிறம் மாறாது என்பது சரி; ஆனால் பழத்தில் எதுவுமே மாறாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இப்பழத்தின் எடை, உள்ளே உருவாகும் விதைகளின் எண்ணிக்கையோடு சேர்ந்தே ஏறுகிறது. அயல் மகரந்தம் நிறைய சூல்களைக் கருவுறச் செய்வதால் பழம் பெரிதாகிறது; சகோதரியின் பழம் வழக்கத்தைவிடப் பெரிதாக வந்ததற்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும். பழுக்கும் காலமும் மாறக்கூடும். இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் இக்கொடிக் கள்ளிகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் பென்-குரியன் பல்கலைக்கழகத்தார் 2004இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சிவப்புச் சதை வகையின் பூவுக்கு வேறு இனத்து மகரந்தத்தைக் கொடுத்தால் பழம் பழுப்பது தள்ளிப்போவதைக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே ‘தந்தை விதைக்குள் மட்டுமே’ என்பதை நிறத்தளவில் வைத்துக்கொள்ளலாம்.

இனி இரவு வேலை. அன்று விரியப்போகும் மொட்டு மாலை நான்கு மணிக்கே தெரிந்துவிடும்: நுனி உப்பி, வெளிப்புறத்துப் பச்சை இதழ்கள் தளர்ந்து, இடையிலிருந்து வெள்ளை எட்டிப் பார்க்கும். இருட்டிய பின் விரியத் தொடங்கி, நள்ளிரவுக்குள் முழுவதும் மலர்ந்து, மறுநாள் வெயில் ஏறும்போது வாடிவிடும். இதன் தாயகமான மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதிகளில் வௌவாலும் இரவு அந்துப்பூச்சியும் செய்யும் வேலையை நம் மாடியில் நாம்தான் செய்ய வேண்டியிருக்கிறது. விரிந்த பூவின் கீழே ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைப் பிடித்து, நூற்றுக்கணக்கான மகரந்தத் தாள்களை விரலால் மெல்லத் தட்டினால் வெளிர் மஞ்சள் தூள் கொட்டும். ஒரு பூவில் கிடைப்பது பல பூக்களுக்குப் போதும். நடுவில் இருபதுக்கும் மேற்பட்ட விரல்களாகப் பிரிந்து நிற்பதுதான் சூல்முடி. அதன் உட்பக்கம் லேசாகப் பிசுபிசுக்கும். ஒவ்வொரு விரலும் மஞ்சளாகும் வரை தூரிகையால் பூச வேண்டும். அரைகுறையாகப் பூசினால் விதை குறைந்து, பழம் ஒருபுறம் சப்பையாக நிற்கும்.

வெள்ளை வகையையே தாயாக வைத்துத்தான் தீர வேண்டும் என்றால், மாலையில் பூ விரிவதற்கு முன்பே ஆண் பாகத்தை நீக்கிவிட வேண்டும், ஏனெனில் மகரந்தப் பைகள் பூ முழுதாக மலரும் வரை காத்திருப்பதில்லை, அதற்கு முன்பே வெடித்துவிடுகின்றன. புது பிளேடால் இதழ்களைச் சுற்றிலும் அறுத்தெடுத்து, உள்ளே குழாயின் சுவரில் வரிசையாக ஒட்டியிருக்கும் தாள்களைக் கத்தரியால் நறுக்கி, சூல்முடித் தண்டை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தத் தண்டில் கீறல் பட்டால் பூ வீணாகிவிடும். எந்த வகை தாயானாலும், தடவுவதற்கு முன்னும் பின்னும் மெல்லிய துணிப் பையால் மூடி, சூல்முடி வாடும் வரை இரண்டு மூன்று நாட்கள் அப்படியே விடுவது நல்லது. நம் தேனீக்கள் அதிகாலையிலேயே வந்துவிடும். மழை வரும்போல் இருந்தால் மேலே ஒரு பாலித்தீன் தாளையும் கட்டுங்கள். நனைந்த மகரந்தம் பயன்படாது.

மாடிவீட்டுத் தோட்டம், மதுரை

இருவருக்கும் மிக்க நன்றி. சதை தாயுடையது என்பது இப்போது தெளிவாகிவிட்டது. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. என் சிவப்புக் கொடியும் வெள்ளைக் கொடியும் பெரும்பாலும் ஒரே இரவில் பூப்பதில்லை. ஒன்றின் அலை முடிந்து சில வாரங்கள் கழித்தே மற்றது பூக்கிறது. அடுத்து, ஒரு பழத்தில் ஆயிரக்கணக்கில் விதைகள் இருக்கும்போது, மாடியில் அவற்றை வளர்க்க இடத்துக்கு எங்கே போவது? விதைக் கொடி காய்க்க எத்தனை ஆண்டுகள் ஆகும்?

நாற்றங்கால், ஓசூர்

பூக்கும் நாள் ஒத்துவராததற்கு மருந்து குளிர்சாதனப் பெட்டி. மகரந்தத்தைத் தாளில் பரப்பி, மின்விசிறிக் காற்று படாத உலர்ந்த இடத்தில் சில மணி நேரம் ஆறவிட்டு, சிறு மூடிப் புட்டியில் போட்டு, அந்தப் புட்டியை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு மற்றொரு டப்பாவில் வைத்து மூடுங்கள். சில நாட்களுக்குள் பயன்படுத்துவதானால் கீழ்த்தட்டே போதும். வாரக்கணக்கில் வைக்க வேண்டுமானால் உறைதட்டில்தான் வைக்க வேண்டும். நன்கு உலர்ந்த மகரந்தம் அங்கே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெளியே எடுத்தவுடன் திறந்துவிடாதீர்கள். புட்டி அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்தால்தான் உள்ளே நீர் கோக்காது. வியட்நாமின் பின் துவான் பகுதியில் இரவெல்லாம் தோட்டங்களில் விளக்கெரித்துப் பருவமில்லாத காலத்திலும் பூக்கவைக்கிறார்கள்; நீண்ட பகலை நாடும் செடி என்பதால் அது பலிக்கிறது. வீட்டு மாடியில் அந்த மின்கட்டணத்துக்குத் தேவையே இல்லை.

விதைக்காக விடும் பழத்தைத் தோல் முழுவதும் நிறம் மாறிச் சில நாட்கள் ஆன பிறகே பறியுங்கள். நம் வெப்பத்தில் பூத்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் நிறம் ஏறிவிடும். சதையைப் பிசைந்து ஓரிரு நாட்கள் தண்ணீரில் புளிக்கவிட்டு, மெல்லிய துணியில் வைத்துக் கசக்கி அலசினால் வழவழப்பு போய் விதை தனியாகும். சலித்த தேங்காய் நார்க்கழிவும் மணலும் கலந்த தட்டில் மேலாகத் தூவி, மண் போட்டு மூடாமல், கண்ணாடியோ பாலித்தீனோ கொண்டு தட்டை மட்டும் மூடிவைத்தால் ஒன்று முதல் இரண்டு வாரங்களில் முளைவிடும். முதலில் கீரை நாற்றைப்போல் இரண்டு கொழுத்த விதையிலைகள் வரும். அவற்றின் நடுவிலிருந்து முள் வைத்த குட்டித் தண்டு எழும்பும்போதுதான் இது கள்ளி என்றே நம்பிக்கை வரும். இந்தக் கட்டத்தில் நாற்று சாவது பெரும்பாலும் அதிக ஈரத்தால்தான். மூடியைப் படிப்படியாக விலக்குங்கள். முதல் ஆண்டு முழுவதும் நிழல்வலையின் கீழேயே வையுங்கள். மதுரையின் சித்திரை வெயிலில் முற்றிய தண்டே வெளுத்துப் புண்ணாகும்போது நாற்று எம்மாத்திரம்?

இடப் பிரச்சினைக்கு என் பதில் ஒட்டுக் கட்டுதல். விதைக் கொடி தன் வேரில் நின்று பூக்கப் பொதுவாக நான்கைந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். அதே நாற்றின் விரற்கடைத் துண்டை, ஏற்கெனவே காய்க்கும் முதிர்ந்த கொடியின் தண்டில் ஒட்டினால் அந்தக் காத்திருப்பு வெகுவாகக் குறைகிறது. ஒரே தாய்க்கொடியின் வெவ்வேறு கிளைகளில் பல நாற்றுகளை ஏற்றலாம் என்பதால் பீப்பாய்களின் எண்ணிக்கையும் கூடாது. ஒட்டை ஏற்கும் முதிர்ந்த கொடித் தண்டின் நுனியை மட்டமாக வெட்டி, நடுவிலுள்ள உறுதியான நரம்புத் தண்டு தெரியுமாறு பிளவு கொடுங்கள். நாற்றின் அடியை இருபுறமும் சீவி, அதன் நடுநரம்பு இதன் நடுநரம்பைத் தொடும்படி செருகுங்கள். பிறகு ஒட்டு நாடாவால் கட்டி, ஒன்றிரண்டு வாரங்களுக்கு அந்த இடத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். நரம்பும் நரம்பும் தொடாவிட்டால் ஒட்டு பச்சையாகவே நின்று ஏமாற்றும், வளராது. ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு பிளேடை ஸ்பிரிட்டில் துடையுங்கள். கள்ளிகளைத் தாக்கும் வைரஸ் கத்தி வழியாகவே செடிக்குச் செடி போகிறது. ஆரஞ்சு நிறப் புள்ளிகள் விழுந்து காய்ந்த தண்டில் ஒட்டவே கூடாது. அது தண்டுப்புண் நோயின் அடையாளம்.

மற்றொன்று: முழுப் பீப்பாய் வைக்கும் எண்ணம் இருந்தால், நனைந்த மண்ணோடு அது முந்நூறு கிலோவை எளிதில் தொடும் என்பதை மனத்தில் வையுங்கள். உத்தரத்தின் மேலே அல்லது சுவரோரமாக வைப்பதே தளத்துக்குப் பாதுகாப்பு.

கள்ளிப்பிரியன், பெங்களூரு

மஞ்சள் வகையைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. முதலில் அது எந்த மஞ்சள் என்று பாருங்கள். நாற்றுப் பண்ணைகளில் ‘மஞ்சள் டிராகன்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு செடிகள் விற்கப்படுகின்றன. ஒன்று, பழத்தின் மேல் முட்கொத்துகளோடு காய்த்து, பழுத்ததும் முள் தானாக உதிரும் வகை. ஈக்வடாரின் பலோரா வட்டாரத்திலிருந்து உலகெங்கும் ஏற்றுமதியாவதும், சுவையில் எல்லாவற்றையும் மிஞ்சுவதும் இதுதான். மற்றொன்று, வழக்கமான பழத்தைப் போலவே செதில்கள் கொண்டு, முள்ளே இல்லாமல் தோல் மட்டும் மஞ்சளாக இருப்பது. இது வெள்ளைச் சதை வகையின் உறவே என்பதால் சிவப்போடு சேர்ப்பதில் தனிச் சிக்கல் எதுவும் இல்லை.

முள் மஞ்சளுக்கு வருவோம். நம் வெள்ளை, சிவப்பு வகைகளின் உயிரணுக்களில் 22 குரோமோசோம்கள் உள்ளன. முள் மஞ்சளிலோ 44. இரண்டையும் சேர்த்தால் பாதிக்குப் பாதியாக 11ம் 22ம் சேர்ந்து 33 குரோமோசோம்களுடன் பிள்ளை பிறக்கிறது. இத்தகைய மும்மடிச் செடியில் குரோமோசோம்கள் சரியாக இணை சேர முடியாததால் மகரந்தமும் விதையும் பெரும்பாலும் பழுதுபடும். விதையின் எண்ணிக்கையை நம்பியே பழம் பெருக்கும் பயிரில் இது சிறிய தடையன்று. இருந்தும் மேலே குறிப்பிட்ட இஸ்ரேலிய ஆய்வாளர்கள் இக்கலப்பில் காய்க்கும் செடிகளைப் பெற்றிருக்கிறார்கள். எனவே முடியாது என்று சொல்லமாட்டேன். முதல் கலப்பாக இதை எடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். அத்துடன் இது மலைச்சரிவின் மிதமான தட்பவெப்பத்தில் பழகிய இனம். பெங்களூரில்கூட இதன் பழம் முற்றுவதற்குப் பல மாதங்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. மதுரையின் வெக்கையில் அது பூப்பதே ஐயம்.

கொடிக்கால், உடுமலைப்பேட்டை

தஞ்சாவூர் நண்பரின் திருத்தத்தை ஏற்கிறேன். எடை பற்றியும் நான் எழுதியிருக்க வேண்டும். இறுதியாக எதிர்பார்ப்பைப் பற்றிச் சில வார்த்தைகள். சிவப்புத் தாய்க்கும் வெள்ளைத் தந்தைக்கும் பிறக்கும் கொடிகளின் சதை பெரும்பாலும் இளஞ்சிவப்பிலிருந்து ஊதா கலந்த சிவப்பு வரை இருக்கும். பீட்ரூட்டுக்கு நிறம் கொடுக்கும் அதே குடும்பத்து நிறமிதான் இங்கும் வேலை செய்கிறது. ஆனால் ஒரே பழத்து விதைகளில் இரண்டு நாற்றுகள்கூட ஒன்றுபோல் இருக்கமாட்டா. இனிப்பு, தண்டின் பருமன், வெயில் தாங்கும் திறன், தானே காய் பிடிக்குமா என்பது வரை எல்லாமே மாறும். நான் நிறத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன். தன் மகரந்தத்தில் தானே காய்க்கும் இளஞ்சிவப்புக் கொடி ஒன்று கிடைத்துவிட்டால், இரவில் விழித்துத் தூரிகை பிடிக்கும் வேலை மிச்சமாகும். வீட்டுத் தோட்டத்துக்கு அதைவிட மதிப்புள்ள குணம் வேறில்லை. தென் கலிபோர்னியாவில் பால் தாம்சன் என்ற அரிய பழ ஆர்வலர் இப்படி உருவாக்கிய டிலைட், பிசிக்கல் கிராஃபிட்டி போன்ற வகைகள் இன்று பல நாடுகளில் தண்டுத் துண்டுகளாகப் பரவியிருக்கின்றன.

நல்ல கொடி என்று ஒன்றைத் தேர்ந்தால், உடனே பெயர் சூட்டி விற்காமல், அதிலிருந்து தண்டுகளை வெட்டி வேறு சிலரின் தோட்டங்களில் நட்டு, இரண்டு மூன்று பருவங்கள் அதே குணத்தோடு காய்க்கிறதா என்று பாருங்கள். விதையால் பெற்றதைத் தண்டால் பெருக்கும்போது குணம் மாறாது என்பது இப்பயிரில் நமக்குக் கிடைத்த பெரிய வசதி.

பூவில் கட்டும் அட்டையில் தாயின் பெயரை முதலிலும், பெருக்கல் குறியிட்டுத் தந்தையின் பெயரைப் பிறகும், தடவிய தேதியோடு எழுதுங்கள். மார்க்கர் பேனா மை நம் வெயிலில் ஒரு கோடைகூடத் தாங்காது. குளிர்பான டப்பாவின் அலுமினியத் தகட்டைக் கீற்றாக வெட்டி, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் எழுத்து பள்ளமாகப் பதிந்து, நாற்று காய்க்கும் வரை அழியாமல் இருக்கும்.